விபிஎன் வாங்கலாமா? தங்கை கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும்

என் தங்கைக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. போன ஆடி மாதம் ஒரு மதியம், வீட்டில் எல்லோரும் புழங்கும் டேப்லெட்டில், கருத்தரிப்பு சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்று தேடியிருக்கிறாள். நாலைந்து மருத்துவமனைத் தளங்களைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒன்றில் கட்டண விவரம்வரை போய்ப் படித்துவிட்டு, டேப்லெட்டை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் மாமியார் அதே டேப்லெட்டில் வத்தக்குழம்பு செய்முறை ஒன்றைத் திறந்தார். புளி எவ்வளவு என்ற வரிக்கும் தாளிக்கும் வரிக்கும் நடுவே, கைக்குழந்தையோடு சிரிக்கும் ஒரு தம்பதியின் படம், கீழே கருத்தரிப்பு மையத்தின் போன் நம்பர். இன்னும் கொஞ்சம் கீழே போனால் வேறொரு மையம். "இதெல்லாம் ஏம்மா இதுல வருது?" என்று கேட்டிருக்கிறார். அவர் நல்ல மனுஷி, எதையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் தங்கையும் அவள் கணவரும் அதுவரை யாரிடமும் பேசாத விஷயம் அது. எனக்கே அன்று இரவு அவள் போன் செய்தபோதுதான் தெரியும். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணா, விபிஎன் போட்டா நாம என்ன பாக்குறோம்னு யாருக்குமே தெரியாதாமே. மாசம் இருநூறு ரூபாய்தான். வாங்கிடட்டுமா?"

விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. வேண்டாம் என்றேன். காசுக்காகச் சொல்லவில்லை. விபிஎன் இருந்திருந்தாலும் மறுநாள் காலை அதே விளம்பரம் அதே இடத்தில் வந்திருக்கும். ஏன் என்று அவளுக்கு விளக்கியதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன். இதே கேள்வியோடு நிறையப் பேர் இருக்கிறார்கள், விபிஎன் விளம்பரங்களோ எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்கிற மாதிரி பேசுகின்றன.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, யார் கண்ணில் படக் கூடாது என்பதை. அதே டேப்லெட்டை அடுத்துக் கையில் எடுக்கிற வீட்டு மனிதர்களா? இணைப்பு கொடுக்கிற ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மாதிரி நிறுவனமா, அல்லது அலுவலக வைஃபையை நிர்வகிப்பவரா? இல்லை, நாம் போகிற தளமும் அந்தத் தளத்துக்குள் குடியிருக்கிற விளம்பர நிறுவனங்களுமா? இந்த மூன்று தரப்பும் மூன்று வேறு வழிகளில் பார்க்கின்றன. ஒருவரை மறைக்கும் திரை அடுத்தவருக்குத் திரையே இல்லை.

தங்கைக்கு நடந்ததற்குக் காரணம் குக்கீ, அதாவது தளங்கள் நம் பிரவுசரில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி அதை உருவாக்கினார். ஆன்லைன் கடையில் கூடையில் போட்ட பொருளை, அடுத்த பக்கத்துக்குப் போன பிறகும் தளம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பின்னால் விளம்பர நிறுவனங்கள் அதையே வேறு மாதிரி பயன்படுத்தின. மருத்துவமனைத் தளத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கத்தோடு சேர்ந்து ஒரு விளம்பர நிறுவனத்தின் துண்டு நிரலும் வருகிறது, அது பிரவுசரில் ஓர் அடையாள எண்ணை எழுதி வைக்கிறது. சமையல் தளத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருக்கிறது. அது அந்த எண்ணைப் படித்து, 'நேற்று கருத்தரிப்புக் கட்டணம் பார்த்த பிரவுசர் இது' என்று புரிந்துகொள்கிறது. மாமியாரா மருமகளா என்பது அதற்குத் தெரியாது. அந்த எண் உட்கார்ந்திருப்பது டேப்லெட்டின் பிரவுசருக்குள். விபிஎன் மாற்றுவது வெளியே தெரியும் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்புக்கு உள்ள முகவரியை. பிரவுசருக்குள் இருக்கும் எண்ணை அது தொடுவதே இல்லை.

இந்த வகைக் குக்கீகளைக் குரோமிலிருந்து இரண்டு வருடத்தில் எடுத்துவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே இவற்றை முழுக்கத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் வைப்பதை வழக்கமாக்கியது, ஒரு தளத்தில் வைத்ததை இன்னொரு தளத்தில் எடுக்க முடியாது. ஆகவே எந்த பிரவுசர் என்பதே பாதி முடிவு. நம் ஊரில் ஆண்ட்ராய்டு போனோடு வந்த குரோமையே பெரும்பாலோர் வைத்திருக்கிறோம், அதைக் கேள்வியும் கேட்பதில்லை.

சரி, ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி ஜன்னலைத் திறக்கும் இன்காக்னிட்டோ போதாதா என்று கேட்பார்கள். தங்கையின் அன்றைய சிக்கலுக்கு விபிஎன்னைவிட இன்காக்னிட்டோ நிச்சயம் மேல். அந்த ஜன்னலை மூடினால் அதில் சேர்ந்த குக்கீயும் ஹிஸ்டரியும் போய்விடும். மறுநாள் சமையல் பக்கம் திறக்கும்போது அந்த எண் இருக்காது. ஒரே கருவியை நாலு பேர் புழங்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. ஜன்னலை மூட மறக்கக் கூடாது, அதற்குள் போய் உங்கள் அக்கவுண்டில் லாகின் செய்யக் கூடாது, டவுன்லோடு செய்த பிடிஎஃப் கருவியிலேயே தங்கும் என்பது நினைவிருக்க வேண்டும்.

ஆனால் அதன் எல்லை வீட்டு வாசலோடு முடிகிறது. இணைப்பு கொடுப்பவருக்கும் போகிற தளத்துக்கும் நீங்கள் வழக்கம்போலத் தெரிவீர்கள். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்காக்னிட்டோவில் இருக்கும்போதும் தகவல் சேகரிக்கிறார்கள் என்று 2020-இல் அமெரிக்காவில் கூகுள்மீது வழக்குப் போட்டார்கள், குறைந்தது 500 கோடி டாலர் இழப்பீடு கேட்டு. 2024 ஏப்ரலில் வெளிவந்த சமரச விவரப்படி, சேர்த்து வைத்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. பயனர்களுக்குப் பணம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் இன்காக்னிட்டோவைத் திறந்ததும் வரும் அறிவிப்பின் வாசகத்தையும் மாற்றினார்கள். அடுத்த முறை திறக்கும்போது அதை ஒரு தடவை படித்துப் பாருங்கள், எதை மறைக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது விபிஎன்னுக்கு வருகிறேன். இதில்தான் காசு போகிறது, நம்பிக்கையும் போகிறது, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

விபிஎன் உங்கள் போனிலிருந்து ஒரு நிறுவனத்தின் சர்வர்வரை பூட்டிய குழாய் போடுகிறது. இணைப்பு கொடுப்பவருக்கு நீங்கள் அந்த சர்வரோடு பேசுவது மட்டும் தெரியும். போகிற தளத்துக்கு உங்கள் ஐபி முகவரிக்குப் பதில் அந்த சர்வரின் முகவரி தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்பு ஏர்டெல்லுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். கண் மறையவில்லை, ஆள் மாறியிருக்கிறார். அந்த ஆள் ஏர்டெல்லைவிட நம்பகமானவரா என்பதுதான் கேள்வி.

இலவச விபிஎன்களில் பலவற்றுக்கு இதற்குப் பதில் 'இல்லை'. ஒனாவோ என்ற விபிஎன் செயலியை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. உங்கள் தகவலைப் பாதுகாக்கும் என்று சொல்லிக்கொண்டே, மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதன் வழியாகவே ஃபேஸ்புக் தெரிந்துகொண்டது. எதிர்ப்பு வந்து 2019-இல் மூடினார்கள். ஹோலா என்ற இலவசச் சேவை, பயனர்களின் இணைப்பு வழியாகவே மற்றவர்களின் போக்குவரத்தை அனுப்பி, அந்த வசதியைக் காசுக்கும் விற்றது 2015-இல் வெளியே வந்தது. அதாவது முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு ஐபி முகவரியில் இணையத்தில் உலவலாம்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐபி முகவரி எல்லாவற்றையும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் அதே வருடம் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ஆகவே வாங்குவதானால், அந்த நிறுவனம் எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, எதை எழுதி வைக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

நல்லவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் முல்வாட் மாதம் 5 யூரோ, ஏறக்குறைய 500 ரூபாய், என்று ஒரே விலை வைத்திருக்கிறது. மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை, ஒரு கணக்கு எண் தருவார்கள், அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் வாரண்டோடு அவர்கள் அலுவலகத்துக்குப் போனது, வாடிக்கையாளர் தகவல் எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. எந்த விளம்பர வாசகத்தையும்விட இது எனக்குப் பெரிய சான்று. காசு கொடுக்க முடியாதவர்களுக்குப் புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, டேட்டா வரம்பும் கிடையாது. காசு கட்டுபவர்கள் தரும் வருமானத்தில் அது ஓடுகிறது.

யாருக்கு விபிஎன் தேவை? அடிக்கடி லாட்ஜிலும் விமான நிலையத்திலும் வைஃபை பிடிப்பவர்களுக்கு உதவும். ஆனால் 'பொது வைஃபையில் உங்கள் வங்கி பாஸ்வேர்டைத் திருடிவிடுவார்கள்' என்று விளம்பரங்கள் காட்டும் பயம் பழைய காலத்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும், தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸில் இயங்குகின்றன. வைஃபை வைத்திருப்பவருக்கு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியலாம். உள்ளே என்ன படித்தீர்கள், என்ன டைப் செய்தீர்கள் என்பது தெரியாது. அலுவலக வைஃபையில் வேறு வேலை தேடுகிறீர்களா? விபிஎன் வேண்டாம், உங்கள் சொந்தப் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அலுவலகத்தின் கண் அதோடு விலகிவிடும். துபாய், அபுதாபியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றிக்கொண்டால் 5 லட்சம் திர்ஹாம் முதல் 20 லட்சம் திர்ஹாம்வரை அபராதம், சிறையும் உண்டு. ஊரிலிருந்து யாரோ சொன்னார்கள் என்று அங்கே எதையும் நிறுவ வேண்டாம்.

நான் தங்கைக்குத் தேர்ந்தெடுத்தது, விளம்பர நிறுவனங்களின் நிரல்களை நிறுத்தும் தடுப்பானை பிரவுசரில் வைப்பதை. அதற்கு நேரில் போனேன். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் என் லேப்டாப்பில் காட்டினேன். ஃபயர்ஃபாக்ஸ், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான். அவள் பார்த்த அதே மருத்துவமனையின் கட்டணப் பக்கத்தைத் திறந்தேன். மேலே மூலையில் இருக்கும் சிவப்புக் கேடயத்தின் மேல் ஒரு சின்ன எண் ஓட ஆரம்பித்தது. 4, 9, 15. பக்கம் முழுக்க வந்து நிற்பதற்குள் 20-ஐத் தாண்டிவிட்டது. "இது என்னண்ணா?" "இந்தப் பக்கம் உன்னைப் பத்தி வெளிய அனுப்பப் பார்த்த கோரிக்கைங்க. தடுத்தாச்சு." அவள் கேடயத்தைத் தட்டிப் பட்டியலைப் பார்த்தாள். மருத்துவமனையின் பெயர் ஒன்று, மற்றதெல்லாம் அவள் கேள்விப்பட்டே இராத பெயர்கள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். டாக்டரிடம் போய் உட்கார்ந்த அறையில் இருபது பேர் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி.

யூபிளாக் ஆரிஜினை ரேமண்ட் ஹில் என்பவர் 2014-இல் எழுதத் தொடங்கினார். இன்றுவரை இலவசம், நன்கொடைகூட வாங்குவதில்லை. கணினிக் குரோமில் அது இப்போது வேலை செய்வதில்லை. நீட்சிகளுக்கான, அதாவது பிரவுசரோடு சேர்க்கும் இப்படிப்பட்ட சின்னச் செயலிகளுக்கான, விதிகளைக் கூகுள் மாற்றியதால், பலம் குறைந்த லைட் வடிவம்தான் அங்கே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டுக் குரோமிலோ நீட்சிகளே போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் முழு வடிவம் ஓடுகிறது. நீட்சி போடுவதெல்லாம் தலைவலி என்பவர்களுக்கு பிரேவ் என்ற பிரவுசர் இருக்கிறது. நிறுவியதுமே தடுக்கத் தொடங்கிவிடும், எதையும் தொட வேண்டாம். என் அப்பாவின் போனில் நான் வைத்திருப்பது பிரேவ்தான். எனக்கு ஃபயர்ஃபாக்ஸ் பிடிக்கும், காரணம் அது கூகுளின் குரோமியம் அடித்தளத்தில் நிற்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லி மெனு மெனுவாகக் கற்றுக்கொடுப்பதைவிட, நிறுவிக் கையில் கொடுப்பது உபயோகம். ஐபோன்காரர்கள் சஃபாரியிலேயே இருந்துகொண்டு ஒரு விளம்பரத் தடுப்புச் செயலியைச் சேர்த்தால் போதும்.

தடுப்பானால் தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒரு பணம் கட்டும் பக்கம் பாதியில் நிற்கும், கேடயத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்தால் ஓடும். இன்னொன்று மனசாட்சி சம்பந்தப்பட்டது. தமிழ்ச் செய்தித் தளங்கள் பல விளம்பர வருமானத்தில்தான் மூச்சு விடுகின்றன. நான் தினமும் படிக்கும் ஒரு தளத்துக்குச் சந்தா கட்டுகிறேன், இன்னொன்றுக்குத் தடுப்பானை அணைத்து வைத்திருக்கிறேன். மருத்துவமனைப் பக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிரவுசர் தடுப்பான் மற்ற செயலிகளுக்குள் எட்டாது. அங்கே கைகொடுப்பது பிரைவேட் டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவைதான் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள போன்களில் செட்டிங்ஸுக்குள் இந்தப் பெயரிலேயே இருக்கும். அட்கார்டு மாதிரி விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ்ஸின் முகவரியை ஒரே ஒரு முறை அதில் எழுதினால், போன் முழுக்க நிறைய விளம்பர சர்வர்களின் முகவரியே கிடைக்காமல் போகும். யூடியூப் மாதிரி, விளம்பரமும் நிகழ்ச்சியும் ஒரே இடத்திலிருந்து வரும் சேவைகளில் இது பலிக்காது. இங்கும் ஆள் மாறுவதுதான், நீங்கள் போகும் தளங்களின் பெயர்கள் அந்த டிஎன்எஸ் நிறுவனத்துக்குத் தெரியும். ஆனாலும் காசில்லாமல், இரண்டு நிமிடத்தில், விபிஎன்னைவிட அதிக நிம்மதி தரும்.

குக்கீயும் ஐபியும் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு, கைரேகை எடுப்பதுபோல. திரை அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம் எல்லாம் சேர்ந்தால் உங்கள் பிரவுசர் மாதிரி இன்னொன்று இருப்பது அபூர்வம். 2010-இல் இணைய உரிமைகளுக்கான அமெரிக்க அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் செய்த ஆய்வில், சோதித்த பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்துத் தெரிந்தன. பிரவுசரின் மொழியைத் தமிழ் என்று வைத்து, நாலைந்து தமிழ் எழுத்துருக்களையும் நிறுவிய கணினி, ஆங்கிலக் கூட்டத்துக்கு நடுவே இன்னும் பளிச்சென்று தெரியும். எனக்கு இது வருத்தம்தான். ஆனாலும் தமிழை எடுத்துவிட மாட்டேன். ஃபயர்ஃபாக்ஸும் பிரேவும் இந்த ரேகையை ஓரளவு மங்கலாக்குகின்றன.

எல்லோரையும் ஒரே மாதிரி தெரிய வைப்பதையே நோக்கமாகக் கொண்டது டார் பிரவுசர். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த தொழில்நுட்பம் இது. உங்கள் போக்குவரத்து மூன்று கணினிகள் வழியாகப் போகும், யார் எங்கே போகிறார் என்ற முழு விவரம் ஒன்றுக்கும் தெரியாது. மெதுவாக இருக்கும், பல தளங்கள் 'நீ மனிதன்தானா' என்று திரும்பத் திரும்பக் கேட்கும், வங்கித் தளங்கள் விடாமலும் போகலாம். ஊழலை வெளிக்கொண்டு வரும் அரசு ஊழியருக்கும், அவரிடம் செய்தி வாங்கும் பத்திரிகையாளருக்கும் இது அவசியம். தங்கைக்கு இந்தச் சுமை வேண்டாம்.

கடைசியாக அவள் டேப்லெட்டில் செய்தது இவ்வளவுதான். ஃபயர்ஃபாக்ஸ், யூபிளாக் ஆரிஜின். அவளுக்கென்று தனிப் பயனர் கணக்கு, அதற்குத் தனிப் பூட்டு; இந்த வசதி நிறைய ஆண்ட்ராய்டு டேப்லெட்களில் இருக்கிறது. கூகுள் கணக்கில் 'என் விளம்பர மையம்' பகுதிக்குப் போய், கர்ப்பம், குழந்தை வளர்ப்பு சார்ந்த விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லிவிட்டு, தேடல் பதிவுகள் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைத்தோம். செயலிகள் விளம்பரத்துக்காக அடையாளம் காணப் பயன்படுத்தும் விளம்பர ஐடியைப் போனில் நீக்கினோம். எல்லாமே இலவசம். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளை ஐபி முகவரியை வைத்து ஒரே வீடு என்று ஊகிக்கும் விளம்பர நிறுவனங்களும் உண்டு. அங்கே மட்டும் விபிஎன் கொஞ்சம் உதவியிருக்கும். அதற்காக மாதம் இருநூறு ரூபாய் தேவையில்லை என்பது என் முடிவு, அவளும் ஒப்புக்கொண்டாள்.

இதில் எதுவும் தொட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. துணிக்கடையிலும் மருந்துக் கடையிலும் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்கிறார்களே, அது. மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியது. கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்கள் சாப்பிடும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கும்போது தங்கை இப்போது "நம்பர் இல்லாம போடுங்க" என்கிறாள். போடுகிறார்கள்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் மாமியாரோடு தனியாக இருந்தபோது அவளே விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது, "எந்த ஆஸ்பத்திரி பாத்து வச்சிருக்க, நானும் வரட்டுமா?"